ஹோலில் ஒரு மேசை: மாதிரி விமானக் கிட்டும் ஒரு மலையகக் குடும்பமும்

பின்னணி

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டாஃப் குவாட்டர்ஸில் வசிக்கும் குடும்பம் இது. குடும்ப ஆலோசனைக்காக நாங்கள் சந்தித்தபோது கணவருக்கு 41 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கர். மனைவி தோட்டப் பாடசாலை ஆசிரியை. மகள் தரம் 11, மகன் தரம் 1. கணவரின் அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். முழங்கால் தேய்ந்துபோய் வீட்டுக்குள் நடப்பதற்கே ஒரு கை பிடிமானம் வேண்டும். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களை இன்னாரென்று காட்டிக்கொடுக்கும் விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீட்டில் இரண்டு அறை, ஒரு ஹோல், பின்னால் குசினி, முன்னால் சின்ன இஸ்தோப்பு. ஹோலில் ஒரே ஒரு மேசை. சாப்பாடு, மகளின் படிப்பு, மனைவி கொப்பி திருத்துவது, கணவர் பிளாஸ்டிக் மாதிரி விமானம் ஒட்டுவது எல்லாம் அந்த மேசையில்தான்.

விமானம் வீட்டுக்குள் வந்தது 2020 ஊரடங்குக் காலத்தில். கொழும்பில் இருக்கும் உறவினர் ஒருவர் தன்னிடம் பிரிக்காமல் கிடந்த ஹரிகேன் போர்விமானக் கிட் ஒன்றை, துண்டு துண்டாக வருவதை ஒட்டிச் சேர்க்கும் பெட்டியை, கொடுத்தனுப்பினார். 1/72 அளவு, உண்மையான விமானத்தின் 72 அங்குலம் மாதிரியில் ஒரு அங்குலம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எதிர்த்து ஏறியவற்றில் பெரும்பாலானவை ஹரிகேன்கள்தான். கிட்டை ஒட்டி முடிப்பதற்குள் அவர் இதையெல்லாம் தேடிப் படித்துவிட்டார். அடுத்து வாங்கியது கேட்டலீனா என்ற கடல் விமானம். தாக்குதலுக்கு முதல் நாள் கொக்கலையிலிருந்து பறந்துபோய் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பிய கனேடிய விமானி பேர்ச்சல் ஓட்டிய வகை அது. செய்தி முழுதாகப் போய்ச் சேருமுன்னே அந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, உயிர் தப்பியவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். இந்தக் கதையை அவர் பக்டரியில் சொன்னார், பிள்ளைகளுக்குச் சொன்னார், எனக்கும் சொன்னார். நேரம் போக்குவதற்காக மட்டும் ஒருவர் இதைச் செய்வதில்லை என்று அப்போதே விளங்கியது.

2022இல் நிலைமை மாறியது. சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியது. இறக்குமதிக் கட்டுப்பாடு, பெற்றோல் வரிசை, மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. சாமான் விலை ஏறிய அளவுக்குச் சம்பளம் ஏறவில்லை. கிட் விலையோ இரட்டிப்பானது. அவர் வாங்குவதைக் குறைத்தார், ஆனால் நிறுத்தவில்லை. வாங்கியதை வீட்டில் சொல்வதைத்தான் நிறுத்தினார்.

எங்களிடம் வந்தபோது

2023 ஓகஸ்ட்டில் மனைவி தனியாக வந்தார். அனுப்பியது, மகனின் இழுப்புக்கு மருந்து கொடுக்கும் கிளினிக். மழைக்காலம் முழுக்க மகனுக்கு இரவில் வீசிங். வீட்டில் பெயின்ட் வாசனை ஏதும் உண்டா என்று அங்கே கேட்டபோது அவர் அழுதுவிட்டாராம்.

முதல் சந்திப்பில் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "மிஸ், அவரு குடிக்கிறதில்ல. சீட்டாட்டம் இல்ல. சம்பளத்தக் கொண்டாந்து கையில குடுத்துடுவாரு. அதனாலேயே என்னால யாருகிட்டயும் வாயத் தொறக்க முடியல. எங்கம்மாகிட்டச் சொன்னா, குடிக்காத மாப்பிள்ள கெடைச்சிருக்கு, பிளேன் செஞ்சா செஞ்சிட்டுப் போறாருங்கிறாங்க."

இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இந்த வார்த்தைகளால்தான். எங்கள் பகுதியில் குடும்பப் பிணக்கு என்று வருகிறவற்றில் சாராயம் இல்லாதது குறைவு. அதனால் சாராயம் இல்லாத வீட்டுப் பெண்ணின் முறைப்பாடு முறைப்பாடாகவே எடுபடுவதில்லை. அவர் சொன்ன சுமைகள் ஒவ்வொன்றும் நிஜம். காலை நாலரைக்கு எழும்பிச் சமையல், பிள்ளைகளை வெளிக்கிடுத்துவது, பாடசாலை, திரும்பி வந்து மாமிக்கு வெந்நீர், கால் தைலம், மகனின் வீட்டுப்பாடம், இரவுச் சமையல். அந்த நேரத்தில் கணவர் மேசையில் விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்திருப்பார்.

வெடித்தது ஒரு பார்சலால். கட்டாரில் இருக்கும் நண்பர் மூலமாக அவர் டிசி-8 என்ற பயணிகள் விமானத்தின் கிட் ஒன்றைத் தருவித்திருந்தார். பார்சல் வந்த வாரத்தில் மகளின் டியூசன் காசு இரண்டு மாதம் பாக்கி. மனைவி சேர்ந்திருந்த சீட்டுக்கும் தவணை தவறியிருந்தது.

வீட்டில் பார்த்தது

வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் இந்தக் குடும்பத்தை விளங்கிக்கொண்டிருக்க முடியாது. ஹோல் ஜன்னல் மழைக்குச் சாத்தியே இருந்தது. சுவர் மூலையில் பூஞ்சணம். மேசையில் பாதிக்குப் பழைய பத்திரிகை விரித்து, அதன்மேல் கம்பிச் சட்டம் மாதிரியான பிளாஸ்டிக் சட்டத்தில் இன்னும் வெட்டப்படாத துண்டுகள், தின்னர் போத்தல், இனாமல் பெயின்ட் டின்கள், ஸ்ப்ரே கேன். மற்றப் பாதியில் மகளின் விஞ்ஞானப் புத்தகம். அட்டையில் சாம்பல் நிறப் பெயின்ட் ஒரு விரல் அளவுக்குக் காய்ந்திருந்தது. மகள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பி வைத்தாள்.

கணவர் பேசத் தயங்குகிறவர் அல்ல. "பகல் முழுக்க மத்தவங்க கணக்கு, மிஸ். கிலோ குறைஞ்சா எனக்கு ஏச்சு, கூடினாலும் எனக்கு ஏச்சு. ராத்திரி ரெண்டு மணித்தியாலந்தான் என் கையால ஒண்ணு நேரா வருது" என்றார். பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு மணித்தியாலம் போனால் மனிதர் உடைந்துவிடுவார் என்றே எனக்குப் பட்டது.

டிசி-8ஐப் பற்றிக் கேட்டேன். மஸ்கெலியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்த விமானத்தை விளக்கத் தேவையில்லை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி ஜித்தாவுக்குப் புறப்பட்ட மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8, கட்டுநாயக்கவில் இறங்க வந்த வழியில் ஏழு கன்னி மலையில் மோதியது. தாங்கள் நிற்கும் இடத்தைத் தவறாகக் கணித்து விமானிகள் நேரத்துக்கு முன்னமே கீழே இறக்கிவிட்டார்கள். 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கணவரின் அம்மா அப்போது கலியாணமான புதுசு. "மழையில இடி விழுந்திச்சுன்னுதான் நெனச்சோம். விடிஞ்சாத்தான் தெரிஞ்சுது" என்றார். கணவர் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவர். அந்தக் கிட்டை அவர் விளையாட்டுக்கு வாங்கவில்லை. ஆனால் அது வந்த நேரமும் வந்த விதமும் மனைவிக்கு அநியாயம். இரண்டையும் ஒரே குறிப்பில் எழுதி வைத்தேன். பிறகு எடுத்த முடிவுகளில் ஒன்றை மற்றதற்காக விட்டுக்கொடுக்காமல் இருக்கப் பார்த்தோம்.

வேலையைப் படிகளாகப் பிரித்தது

இப்படியான வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் ஆலோசனை, "கிழமைக்கு இத்தனை மணித்தியாலம்" என்று வரையறுப்பது. இங்கே அதைச் சொல்லுமுன் அந்த வேலையை முதலில் அறிந்துகொள்ள விரும்பினேன். கணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, பெட்டியைத் திறப்பதிலிருந்து முடிப்பது வரை என்னென்ன நடக்கும், எதில் வாசனை, எதில் தூசு, எதைத் தொடாமல் எத்தனை நேரம் வைக்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன். அந்தத் தாள் எங்கள் எல்லாருக்கும் பாடமானது.

சட்டத்திலிருந்து துண்டுகளை வெட்டி, வெட்டிய தழும்பைச் சீவுவதற்கு ஒரு சின்னக் கத்தி போதும். வாசனையே இல்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒட்டுவது வேறு விஷயம். இந்தப் பசை சாதாரண கம் மாதிரி நடுவில் நின்று பிடிப்பதில்லை. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்குகிறது. அந்தக் கரைப்பான் ஆவிதான் மகனின் மூக்குக்குப் போனது. சுப்பர் குளூவுக்கு மாறலாமே என்று கேட்டேன். விமானி அறையின் கண்ணாடித் துண்டுகளுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் கண்ணாடி வெள்ளையாகப் புகை பிடித்துவிடுமாம். உடற்பகுதியின் இரண்டு பாதியையும் சேர்த்தால் நடுவில் தையல் மாதிரி ஒரு கோடு தெரியும்; அதைப் புட்டி வைத்து அடைத்து, சேண்ட் பேப்பரால் தேய்த்து மறைக்க வேண்டும். அங்கே தூசு. பிறகு பெயின்ட். இனாமல் பெயின்ட் எங்கள் குளிரிலும் ஈரத்திலும் இலேசில் காயாது. இரண்டு இரவு மூன்று இரவு என்று மேசையிலேயே கிடக்கும், அறை முழுக்க வெள்ளைத் தின்னர் வாசனையோடு. ஸ்ப்ரே அதைவிட மோசம். மூடுபனி நாளில் அடித்தால் மேற்பரப்பு பால் படிந்த மாதிரி வெளுத்துப் போகும், திரும்ப அடிக்க வேண்டும். கடைசியில் தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் டிகால்கள், அதாவது எழுத்தும் சின்னமும் அச்சிட்ட ஒட்டுப்படங்கள். அதில் வாசனை இல்லை, ஆனால் கை நடுங்கக்கூடாது, யாரும் மேசையை அசைக்கக்கூடாது.

தாளை மனைவி வாசித்தார். "அப்ப எல்லாமே நாத்தம் இல்லையே" என்றார். அதுவரை அவருக்கு அது ஒரே வேலை. கணவருக்கும் அப்படித்தான் இருந்தது. சண்டைக்குக் காரணமான பகுதி எது, யாரையும் தொந்தரவு செய்யாத பகுதி எது என்று இருவரும் ஒரே தாளில் பார்த்தது அன்றுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மகனின் மூச்சு விஷயத்தில் பேரம் வைக்கவில்லை. ஸ்ப்ரே முழுதாக நிறுத்தம். இனாமலுக்குப் பதில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக், தூரிகையால் மட்டும். பசை ஒட்டுவது ஞாயிறு பகலில், இஸ்தோப்பில், மகன் மேல் டிவிசனில் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில். தேய்ப்பது தண்ணீர் தொட்டுத்தான், தூசு பறக்காமல். கிளினிக்கில் விறகு அடுப்புப் புகையையும் சுவர்ப் பூஞ்சணத்தையும் சேர்த்தே குறைக்கச் சொன்னார்கள். அதைக் குறிப்பில் தெளிவாக எழுதினேன். பழி முழுவதையும் விமானத்தின்மேல் போடுவது கணவருக்கு அநியாயம், மகனுக்கும் ஆபத்து.

மேசை மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை மகளுக்கு. சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை இதில் மாற்றமில்லை. கணவரின் வேலை மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். வெட்டுவது, சீவுவது, விமானி அறையின் சின்னத் துண்டுகளுக்கு வர்ணம் தீட்டுவது எல்லாம் மடியில் வைத்தே செய்யலாம். மூடியைப் போட்டு அலுமாரிமேல் வைத்தால் மேசை காலி.

நேரத்தைப் பற்றிப் பேசியபோது, கணவருக்கு எவ்வளவு என்பதைக் கடைசிக்குத் தள்ளினேன். முதலில் மனைவிக்கு எவ்வளவு என்று கேட்டேன். அவரிடம் பதில் இருக்கவில்லை. பிறகு, தான் வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்து, மகன் பிறந்ததும் விட்டதைச் சொன்னார். கணவருக்கே அது மறந்திருந்தது. ஐந்தரை முதல் எட்டு வரை அம்மாவின் வெந்நீர், தைலம், மருந்து, மகனின் வீட்டுப்பாடம் எல்லாம் கணவர் பொறுப்பு என்று முடிவானது. கிழமையில் மூன்று மாலை மனைவிக்கு முழுதாக ஓய்வு. அதில் அவர் படித்தாலும் சரி, படுத்தாலும் சரி. விமானத்துக்கு ஒன்பதுக்குப் பிறகுதான்.

காசுக்கு ஒரு கொப்பி. விமானத்துக்கு மாதத்தில் இவ்வளவு என்று மனைவி எழுதினார். கணவர் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே எழுதினார். அவர் கேட்டது ஒன்றுதான்: "வாங்கினாச் சொல்லிட்டு வாங்குங்க." டிசி-8ஐ விற்றுவிடலாம் என்று மனைவியின் அம்மா சொன்னபோது மனைவியே மறுத்தார். "வித்தா, வாழ்க்க பூரா நாந்தான் வித்தேன்னு இருக்கும். வேணாம்." டியூசன் பாக்கியும் சீட்டும் தீரும்வரை பெட்டியைத் திறக்காமல் வைப்பது என்று ஒத்துக்கொண்டார்கள்.

கணவரை முழுதாக நிறுத்தச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. நிறுத்தினால் அவர் வீட்டில் இருப்பார், ஆனால் யாரோடும் இருக்கமாட்டார். தொழிற்சாலையில் வேலை முடிந்து நண்பர்களோடு எங்கே போவார்கள் என்பது அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இருபது வயதிலிருந்து அந்தப் பக்கம் போகாமல் இருந்தவர் அவர்.

அதன்பின் நடந்தது

முதல் மாதம் கடினம். மகன் தட்டுப் பெட்டியைத் திறந்து கேட்டலீனாவின் காற்றாடி ஒன்றை முறித்தான். கணவர் கத்தினார், மகன் பாட்டியின் போர்வைக்குள் போனான். அன்று இரவே கணவர் அவனைக் கூப்பிட்டு, முறிந்த காற்றாடியைக் கையில் கொடுத்து எப்படிப் பிடிப்பது என்று காட்டினார் என்று மனைவி சொன்னார். நாங்கள் சொல்லிக்கொடுத்த எதுவும் அதில் இல்லை.

நவம்பரில் ஒரு சறுக்கல். நள்ளிரவில் பாத்ரூமுக்குள் இனாமல் பூசியிருக்கிறார். விடிய வாசனை வீடு முழுக்க. விசாரித்ததில், மிச்சமிருந்த டின்களை வீசுவதற்கு மனம் வரவில்லை என்றார். அந்த விலைக்கு வாங்கியவருக்கு அது நியாயமான தயக்கம். டின்களை ஹட்டனில் வேன் திருத்தும் நண்பருக்குக் கொடுத்துவிடச் சொன்னோம். அதன்பின் அது நடக்கவில்லை.

2023ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2024 மேயில் நடந்தது. மகள் எழுதினாள். பெறுபேறு செப்டெம்பர் கடைசியில் வந்தது, உயர்தரத்துக்குத் தகுதி. சீட்டு ஜூனில் தீர்ந்தது. பெட்டியைத் திறந்தது அதற்குப் பிறகு. நாடாவை வெட்டியது மனைவி.

டிசி-8 கட்டிய விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அந்தக் குடும்பம் மாறியது அதில்தான் எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. 1/144 அளவில் அது ஏறக்குறைய 32 சென்ரிமீற்றர் நீளம், 30 சென்ரிமீற்றர் இறக்கை. தட்டுப் பெட்டிக்குள் இறக்கை போகாது. அதனால் இறக்கையையும் உடலையும் தனித்தனியே முடித்து, கடைசி ஞாயிற்றுக்கிழமையில்தான் சேர்ப்பது என்று வேலையின் ஒழுங்கையே மாற்றினார். உடற்பகுதியை மூடுமுன் மூக்குக்குள் ஈயக் குண்டு வைக்காவிட்டால் விமானம் வாலில் குந்திக்கொள்ளும். குண்டை நிறுத்துப் பார்த்துக் கொடுத்தவன் மகன். வெள்ளையைத் தூரிகையால் பூசுவது இந்த வேலையில் மிகச் சிரமமான ஒன்று. தடிப்பாகப் பூசினால் தூரிகைக் கோடு விழும், மெல்லிசாகப் பூசினால் அடியில் பிளாஸ்டிக் தெரியும். மெல்லிசாகவே பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடியும் பூசி ஆடி ஆவணி முழுக்க அதிலேயே போனது. ஸ்ப்ரே கேட்டு அவர் ஒருமுறையும் வாய் திறக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த டிகால் வேறொரு விமான நிறுவனத்துக்குரியது. மார்ட்டின்எயார் எழுத்துகளைக் கொழும்பில் அச்சிட்டு எடுக்கக் கொப்பியில் காசு போதவில்லை. இரண்டு மாதம் காத்திருந்தார்.

விபத்தின் 50ஆவது ஆண்டு 2024 டிசம்பர் 4இல் வந்தபோது விமானம் முடிந்திருக்கவில்லை. அன்று அவருடைய அம்மா அதைக் கையில் வாங்கி, ஜன்னல் வரிசையை விரலால் தடவி, "இதுக்குள்ளயா அத்தன பேரு?" என்று கேட்டார் என்று மனைவிதான் எனக்குச் சொன்னார். 2025 தை மாதத்தில் வேலை முடிந்தது.

மகனின் இழுப்பு குறைந்திருக்கிறது. அதே காலத்தில் காஸ் அடுப்பும் வந்தது, சுவரும் சுண்ணாம்பு பூசப்பட்டது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மனைவி மீண்டும் பதிந்திருக்கிறார். மாலை வேலைகளைக் கணவர் செய்கிறார், ஆனால் அவருடைய அம்மா இரவில் எழும்பினால் இன்னும் மருமகளின் பெயரைத்தான் கூப்பிடுகிறார். அதை மாற்ற ஒருவராலும் முடியவில்லை. வாங்குவதைச் சொல்லிவிட்டு வாங்குவது நிலைத்திருக்கிறது. கேட்காவிட்டால் மற்ற விஷயங்களைச் சொல்லாமல் விடும் பழக்கம் கணவரிடம் அப்படியே இருக்கிறது. மனைவிக்கு அது இன்னும் வலிக்கிறது.

இனி எதை மாற்றுவோம்

முதல் சந்திப்பிலேயே வீட்டின் அமைப்பை வரைந்து தரச் சொல்கிறோம். எத்தனை அறை, எத்தனை மேசை, எந்த நேரத்தில் யார் கையில். லயக் காம்பராவிலும் குவாட்டர்ஸிலும் இடத்தை விட்டுவிட்டு உறவை மட்டும் பேசினால் பாதிப் பிரச்சினை வெளியில் நின்றுவிடும்.

வீட்டில் ஒருவர் ஆழ்ந்து செய்யும் வேலை எதுவாக இருந்தாலும், தையலோ, ரேடியோ திருத்துவதோ, பூக்கன்று வளர்ப்பதோ, அதைப் படிப்படியாக எழுதித் தரச் சொல்கிறோம். மணித்தியாலத்தைக் குறைப்பது பற்றி அதற்குப் பிறகுதான் பேச்சு.

மகளை இன்னும் முன்னதாகத் தனியே சந்திப்போம். அட்டையில் பெயின்ட் பட்ட புத்தகத்தைத் திருப்பி வைத்த பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதை அவள் பரீட்சை முடிந்த பிறகுதான் சொன்னாள், அதுவும் அம்மாவிடம்.

மனைவியரோடு நடக்கும் முதல் பேச்சில், கணவர் குடிக்கிறாரா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அங்கே நிறுத்தாமல், "அப்படியிருந்தும் எது கஷ்டம்?" என்று கேட்கும்படி எங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.